அத்தானின் ரசாயனம்

எங்கள் ஊரில் மனிதருக்கு வரக்கூடிய வருத்தங்கள் மூன்றுதான். பிரஷர், சீனி, திமிர். முதல் இரண்டும் இல்லாத ஒருவர், வீதியில் உங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் மாறிப் போனால், அவருக்கு மூன்றாவது வருத்தம் என்று திருகோணமலை முழுவதும் ஒரே வாயாய்ச் சொல்லிவிடும். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. கேற்றடியில் நிற்கிற இரண்டு பெண்கள் போதும்.

என் அக்காவின் புருஷனுக்கு அந்த மூன்றாவது வருத்தம் முற்றிப்போய்விட்டதாக ஊர் எப்போதோ தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தது. நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உயிரோடு இருந்த காலத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சிவந்துவிடும் மனிதனுக்கு. போய்ச் சேர்ந்த பிறகும் ஏன் அவரை வியர்க்க வைக்கவேண்டும்?

எங்கள் வீட்டில் வாய்க்குப் பஞ்சமில்லை. அண்ணா சாம்பல்தீவில் நின்று கதைத்தால் கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும். அக்கா கதைத்தால் அண்ணாவே வாயை மூடுவார். நான் எப்படி என்று நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வீட்டுக்குள் மாப்பிள்ளையாக வந்து அகப்பட்டவர் அத்தான். தாலி கட்டும்போது அவருடைய கை நடுங்கிய நடுக்கத்தில் முடிச்சு விழவே மாட்டேன் என்றது. "மாப்பிள்ளை போட்டிட்டு வந்திருக்கிறார்" என்று பந்தலுக்குள்ளேயே கதை எழும்பிவிட்டது. மனிதன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. எங்கள் ஊரில் கை நடுங்கினால் ஒன்று குடி, இல்லாவிட்டால் களவு. வேறு காரணத்துக்கு நடுங்க அனுமதி கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தான் சம்பளம் வாங்கியதே கதைக்கிறதற்குத்தான். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற வேலை. ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல் என்று நான் சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுபோனேன். வாசலில் நின்று கேட்டால், உள்ளே ஒரு சிங்கம் உறுமுகிறது. எந்த நாட்டுக் கப்டனையோ தெரியாது, "நில். நான் சொன்ன பிறகுதான் உள்ளுக்கு வரவேணும்" என்று இங்கிலீசில் அதட்டிக்கொண்டிருந்தார். என்ன குரல், என்ன அதிகாரம்! நான் கதவைத் தட்டினேன். அந்தச் சிங்கம் திடுக்கிட்டு எழும்பி, மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தட்டிக் கொட்டிவிட்டு, பார்சலை வாங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அத்தான், கப்பலோட இப்பிடிக் கதைக்கிறியள். சந்திக் கடையில ஒரு றாத்தல் பாண் கேட்டு வாங்க ஏலாதோ?" என்றேன்.

"கப்பல் என்ர முகத்தைப் பாக்கேல்லத்தானே, மச்சாள்" என்றார்.

கோயிலுக்குப் போவார். கடவுளோடு அவருக்குப் பிரச்சினை இல்லை, இடையில் நிற்கிற ஐயரோடுதான். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டதும், பின்னால் நிற்கிற சனம் முழுவதும் தன்னுடைய நட்சத்திரத்தை அறியக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதாக அத்தானுக்குப் படும். வாய் காய்ந்துவிடும். "சுவாமி பேருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். இப்படி வெள்ளிக்கு வெள்ளி அம்மாளாச்சி தன் பெயரில் தானே அர்ச்சனை வாங்கிக்கொண்டாள். ஐயர் என்னவென்றால், "தனக்கெண்டு ஒண்டும் கேக்காத மனிசன், ஞானி" என்று சொல்லித் திரிந்தார். ஊரில் அத்தானைப் பற்றி நல்லதாக வந்த ஒரே கதை அதுதான், அதுவும் பிழை.

ஆனால் எங்கள் ஊரில் மாடு மாதிரி வீதியில் குறுக்கே படுத்திருக்கிற மான்களோடு நின்று கதைப்பார். "எழும்பி ஓரமாப் போ பிள்ளை, பஸ் வரும்" என்பார். மானுக்கு நாக்கு இல்லை பாருங்கள், போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லாது.

கொரோனா வந்தபோது ஊரெல்லாம் மூக்கைச் சிந்தி அழுதது. அத்தான் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரித் திரிந்தார். பாதி முகத்தை மூடு, தள்ளி நில், கை குடுக்காதே, கலியாணத்துக்குப் போகாதே, செத்த வீட்டுக்கும் போகாதே என்று அரசாங்கமே சட்டம் போட்டால் வேறென்ன வேண்டும்? அந்தக் காலத்தில்தான் அவர் முதன்முதலாகக் கடைக்குப் போய்க் கீரை வாங்கி வந்தார். அக்கா அதைச் சமைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சனம் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தது. அத்தான் திரும்பவும் வீட்டுக்குள் போனார்.

வருத்தத்தின் உண்மையான பெயர் தெரியவந்தது பதவி உயர்வால். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று அதிகாரிகள் வரிசையாக இருந்து கேள்வி கேட்பார்களாம். அத்தான் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனவர், கதவு திறந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். மாரடைப்பு என்று தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, இதயம் நல்ல கல்லுப்போல இருக்கிறது, இவரை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

அக்கா மாரடைப்பைத் தாங்கிக்கொண்டாள். கிளினிக்கைத் தாங்கவில்லை. "ஐயோ, ஆராவது கண்டா என்ர பிள்ளைக்கு ஆர் மாப்பிள்ளை தருவினம்?" என்று குசினிக்குள் போய் இருந்துவிட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேப்பரால் மறைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஊரில் எல்லாரும் அத்தானைப் போலவே நடந்துகொண்ட இடம் அது ஒன்றுதான். அத்தான் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல அமைதியான இடம், மச்சாள்" என்றார்.

டொக்டர் சின்னப் பிள்ளை, ஆனால் விசயகாரி. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல, அவவும் அவரைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அம்மா, இது திமிரும் இல்ல, வெறும் வெக்கமும் இல்ல. மூளைக்குள்ள ஒரு பாதாம்பருப்பு அளவில அமிக்டலா எண்டு ஒரு இடம் இருக்கு. ஆபத்து வந்தா மணியடிக்கிற இடம். பாம்பைக் கண்டா அடிக்கத்தான் வேணும். இவருக்கு மனிசரைக் கண்டாலும் அடிக்குது."

எங்கள் ஊர்ச் சனத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பருப்பு சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பட்டது.

"மணி அடிச்ச உடன அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வாய் காயும். இவர் வேணுமெண்டு செய்யிறதில்ல. அந்த மணியை அடக்கி வைக்கிறதுக்கும் மூளையில ரசாயனங்கள் இருக்கு. செரட்டோனின், காபா எண்டு. அதுகளின்ர ஓட்டம் இவரிட்ட ஒழுங்கா இல்ல."

"அப்ப செரட்டோனின் குறைவோ டொக்டர்?" என்றேன். பெயரைப் பிடித்துவிட்டேன் பார்த்தீர்களா.

டொக்டர் சிரித்தார். "அப்பிடி ஒரு சொல்லில முடிக்கலாமெண்டா எனக்கும் லேசு. குறைவு எண்டு சொல்லுறாக்களும் இருக்கினம், அந்த இடத்தில கூடிப்போச்சு எண்டு சொல்லுறாக்களும் இருக்கினம். சீனி பாக்கிற மாதிரி விரலில குத்திப் பாக்க ஏலாது. ஆனா இந்தக் குளிசை கன பேருக்கு உதவுது. சில கிழமை எடுக்கும், அவசரப்பட்டு நிப்பாட்டக் கூடாது. ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. குளிசை மணியின்ர சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மனிசர் பாம்பு இல்ல எண்டு மூளை தானாப் படிக்கவேணும். அதுக்கு இவர் ஆக்களிட்டப் போகவேணும். கொஞ்சம் கொஞ்சமா."

அத்தான் முதல் தடவையாக நிமிர்ந்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். "திமிர் இல்லையாம் மச்சாள். ரசாயனமாம்" என்றார். இத்தனை வருடம் அவரும் தனக்குத் திமிர் என்றே நம்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! சொந்தக்காரர் வீட்டு விசேசம் எது வந்தாலும் "அமிக்டலா விடுதில்லை" என்பார். அந்த அமிக்டலா அவருக்குக் கிடைத்த ஒரு கெட்ட மேலதிகாரி மாதிரி. லீவே தராது.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அயலுக்குள் "அவருக்கு விற்றமின் குறைவாம்" என்று சொல்லிவிட்டாள். விற்றமின் கௌரவமான குறைவு, அதால் மகளுடைய கலியாணம் குழம்பாது. அவ்வளவுதான், முருங்கையிலை ஒரு வீட்டிலிருந்து, ஈரல் ஒரு வீட்டிலிருந்து, ஊர்க்கோழி முட்டை இன்னொரு வீட்டிலிருந்து என்று வரத் தொடங்கியது. கொண்டுவருகிறவர்கள் சும்மா வைத்துவிட்டுப் போவார்களா? "எங்க ஐயா, ஒருக்கா முகத்தைப் பாப்பம், வெளிறிப்போச்சோ" என்று வாசலில் நிற்பார்கள். மனிதரைக் கண்டால் வியர்க்கிற மனிதனுக்கு எங்கள் ஊர் செய்த வைத்தியம் அது.

இப்படி இருக்கும்போதுதான் பெறாமகளுக்குக் கலியாணம் பொருந்தியது. அக்காவின் ஒரே மகள். மாப்பிள்ளை ஈச்சிலம்பற்றுப் பக்கம், நல்ல குடும்பம். நாள் வைத்த அன்றே அக்கா தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள். மணவறையில் தகப்பன் இடத்தில் இருந்து தாரை வார்த்துக் கொடுக்கிறது அண்ணா. "இவரை ஏத்தினா, சனத்துக்கு முன்னால நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திடுவார். சம்பந்திப் பகுதி என்ன நினைக்கும்?" அண்ணா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி அடுத்த நாளே பட்டு வேட்டி வாங்கிவிட்டார்.

அத்தான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். பெறாமகள்தான் எழும்பினாள். தகப்பனுக்கு நேர் எதிர் அந்தப் பெட்டை, எங்கள் பக்கத்து வாய். ஆனால் தகப்பன் என்றால் உயிர். அத்தான் வீட்டில் வாய் ஓயாமல் கதைத்தது அவளோடு மட்டும்தான்.

"அப்பா இருந்து குடுக்கிறதெண்டாத்தான் கலியாணம். மாமா குடுக்கிறதுக்கு நான் மாமாவின்ர பிள்ளையோ? இல்லாட்டி விடுங்கோ, ஆரும் வேண்டாம், நான் கோயிலில மாலை மாத்திப்போட்டு வாறன்."

"வாயை மூடடி" என்றாள் அக்கா.

"நீங்கள் மூடுங்கோ அம்மா. அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

அத்தான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "மச்சாள், டொக்டர் ஆக்களிட்டப் போகச் சொன்னவதானே. கலியாணம் சொல்ல நான் வாறன். வீடு வீடாப் போய்ப் பழகினா, அண்டைக்கு மணவறையில இருக்கலாம். நீங்கள் கூட வாங்கோ."

எங்கள் பக்கத்தில் கலியாண அழைப்பென்றால் அது அட்டை இல்லை. பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொரு வீடாய்த் தேடிப் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்லவேண்டும். அட்டையை மட்டும் கேற்றில் செருகிவிட்டு வந்தால் அது அவமானம். தகப்பன் வராமல் தாய் மட்டும் வந்தால் அரை அழைப்பு. அரை அழைப்புக்கு ஒருவரும் வரமாட்டார்கள், ஆனால் ஏன் வரவில்லை என்பதைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், எனவே அத்தானும் நானும் புறப்பட்டோம்.

முதல் வீடு, எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற ஓய்வுபெற்ற தபால் அதிபர் வீடு. கேற்றடியில் அத்தான் நின்றுவிட்டார். "மணி அடிக்குது" என்றார். "அடிக்கட்டும், கோயில் மணியெண்டு நினைச்சுக்கொண்டு வாங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒரு மீன்தொட்டி. அத்தான் அதைக் கண்டுபிடித்துவிட்டார். தபால் அதிபரும் மனைவியும் இந்தப் பக்கம் இருக்க, அத்தான் மீன்களைப் பார்த்தபடியே, "மகளுக்குக் கலியாணம், நீங்கள் குடும்பத்தோட கட்டாயம் வரவேணும்" என்று சொல்லி முடித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. தபால் அதிபர் வெளியில் வந்து என்னிடம், "என்ன, எங்களைவிட மீன் உசத்தியோ?" என்றார்.

இருந்தாலும் போனோம். சில வீடுகளில் யன்னலுக்குச் சொன்னார், சில வீடுகளில் கலண்டருக்குச் சொன்னார். ஒரு வீட்டில் ஒரு சின்னக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அதை முன்னேற்றம் என்று கணக்கில் எடுத்தேன். கேட்ட கேள்விகளோ! "இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சிருந்தனீங்கள்?" "எங்களையெல்லாம் இப்பதான் கண்ணுக்குத் தெரியுதோ?" ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வரும்போது சேர்ட்டின் முதுகுப்புறம் நனைந்து ஒட்டியிருக்கும். அப்படியிருந்தும் அடுத்த கேற்றைத் தானே திறப்பார்.

பிறகு ஒருநாள் எனக்குத் தெரியாமல் ஒரு வேலை பார்த்தார். இன்னும் பாதி ஊர் கிடந்தது, மனிதனுக்கு ஏலாமல் போய்விட்டது. எங்கள் ஊரில் யாராவது செத்தால் மூன்று சில்லு ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி வீதி வீதியாக அறிவிக்கிறது வழக்கம். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு முஸ்லிம் நானா அந்த வேலைக்கு வருவார். இடைக்கிடை புடவைக் கடை மலிவு விற்பனைக்கும் ஓடுவார். அத்தான் அவரைப் போனில் பிடித்து, தன் சிங்கக் குரலில் அழைப்பைப் பதிவுசெய்து அனுப்பிவிட்டார். "உவர்மலையைச் சேர்ந்த" என்று தொடங்கி, தன் பெயர், அக்கா பெயர், "தம்பதிகளின் பாசமிகு புதல்வி" என்று கப்பலுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

கலியாணத்துக்கு அந்த ஓட்டோவைப் பிடித்த மனிதர் உலகத்திலேயே என் அத்தான் ஒருவர்தான். போதாக்குறைக்கு நானா காலையில் ஒரு மரண அறிவித்தலுக்கு ஓடிவிட்டு, முன்னால் கட்டியிருந்த வெள்ளைக்கொடியைக் கழற்ற மறந்துபோனார். வெள்ளைக்கொடி வருகிறது, துக்க அறிவித்தல் மாதிரியே நிறுத்தி நிறுத்திக் குரல் வருகிறது, அத்தான் பெயரும் விலாசமும் வருகிறது. அதற்குப் பிறகு நின்று கேட்க யாருக்குப் பொறுமை? சனம் உடுப்பு மாற்றப் போய்விட்டது.

அக்காவும் நானும் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். தபால் அதிபர் மனைவி கேற்றிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, "என்ர ராசாத்தி, இப்பிடிப் போச்சே!" என்று அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா என்ன நினைத்தாள்? தபால் அதிபர் போய்விட்டார் என்று நினைத்தாள். அவளும், "ஐயோ, நேற்றுக்கூடக் கண்டனே!" என்று கட்டிக்கொண்டு குளறத் தொடங்கினாள். இரண்டு பேரும் ஒருத்தி புருஷனுக்காக மற்றவள் ஒப்பாரி வைக்க, தபால் அதிபர் வெள்ளை வேட்டியோடு பின்னால் வந்து நின்றார். அக்கா அவரைக் கண்டு வாயைப் பிளந்தாள்.

அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஆம்பிளைகள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, வருத்தமாக இருந்ததோ, சடுதியாகவோ என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். "விற்றமின் குறைவு" என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கம் கொடுத்தார். "நல்ல மனிசன். ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார்" என்றார் இன்னொருவர். திமிர் பிடித்தவர் ஒரு மத்தியானத்தில் நல்ல மனிதர் ஆகிவிட்டார். ஒரு பெரியவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "எடுக்கிறது எத்தினை மணிக்கு, பிள்ளை?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது.

அறைக்குள் ஓடினேன். அத்தான் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தார். யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அத்தான், வெளியில வந்து, உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"வேற வழி இல்லையோ மச்சாள்?"

"இருக்கு. செத்துப்போங்கோ."

கொஞ்ச நேரம் அதைப் பற்றி யோசித்தார் என்று சத்தியமாய்ச் சொல்லுவேன். பிறகு வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு வெளியே நடந்தார். முற்றத்தில் சத்தம் பட்டென்று நின்றது. அத்தனை கண்ணும் அவர் மேல். கதவு நிலையைப் பிடித்திருந்த கை நடுங்க, நிலையில் கட்டியிருந்த மாவிலையும் சேர்ந்து நடுங்கியது. பார்க்க மீன்தொட்டியும் இல்லை, கலண்டரும் இல்லை. எங்கே திரும்பினாலும் மனித முகம். "ஓடாதேங்கோ அத்தான், ஓடாதேங்கோ" என்று நான் மனதுக்குள் அம்மாளாச்சியைக் கும்பிட்டேன்.

"நான் சாகேல்ல" என்றார். குரல் முதலில் வரவில்லை, இரண்டாம் தரம் வந்தது. "நான் சாகேல்ல. மகளுக்குக் கலியாணம். அதைத்தான் சொல்லச் சொன்னனான். வந்தது வந்திட்டியள், கலியாணத்துக்கும் வாங்கோ. எல்லாரும் வரவேணும்."

சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்த வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும், கலியாண வீட்டில் சொல்லிக்கொண்டு போகவேண்டும். இது எந்த வீடு? எடுக்கிற நேரம் கேட்ட பெரியவர், "வேலையை விட்டுப்போட்டு வந்தனான்" என்று குறைப்பட்டார், அத்தான் சாகாதது பெரிய குற்றம் மாதிரி. கடைசியில் பணியாரத் தட்டு வந்தது. பணியாரம் வந்தால் எங்கள் சனம் எந்த வீட்டையும் கலியாண வீடாக ஏற்றுக்கொள்ளும்.

எல்லாரும் போன பிறகு அத்தான் கதிரையில் சரிந்து கிடந்தார். "மணி அடிச்சது, மச்சாள். அடிச்சுக்கொண்டே இருந்தது. பேந்து கொஞ்சம் குறைஞ்சுது" என்றார், தனக்கே நம்ப ஏலாதவர் போல. டொக்டரிடம் சொன்னபோது, கொஞ்சம் கொஞ்சமாய் என்றுதானே சொன்னேன் என்று தலையில் கைவைத்தார்.

கலியாணத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. செத்துப் பிழைத்த தகப்பனைப் பார்க்க வராமல் இருப்பார்களா? அண்ணா பட்டு வேட்டியோடு, எந்த நேரமும் மேடையில் பாயத் தயாராக முன் வரிசையில் இருந்தார். அத்தான் மணவறையில், விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு. வீடியோக்காரன் லைட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஐயா, இஞ்ச பாருங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ" என்றான். அவனை அடித்தால் என்ன என்று இருந்தது எனக்கு. நான் அத்தானுக்குப் பின்னால் நின்றதால் மற்றவர்கள் காணாததைக் கண்டேன். முதுகில் வியர்வை ஓடி வேட்டியின் இடுப்பு நனைந்திருந்தது. கழுத்து நரம்பு துடிக்கிற துடிப்பு வெளியே தெரிந்தது.

ஐயர் மைக்கை அவருடைய வாய்க்கு நேரே நீட்டி, தலைமுறைப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். அத்தான் சொன்னார். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர், ஒவ்வொன்றாக, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க. அக்கா செம்பிலிருந்து தண்ணீரை ஊற்ற, மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நடுக்கத்தில் பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் மடியில் போனது. பெறாமகள் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் எழும்பி ஓடவில்லை. கடைசிவரை இருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் என் காதில் விழுந்தது இதுதான். "பாத்தியளே, அந்த மனிசனுக்கு ஒண்டுமில்ல. இவ்வளவு காலமும் நடிப்பு. தன்ர பிள்ளையின்ர விசயமெண்டா வாய் திறக்குது." தபால் அதிபர் மனைவியின் குரல். சொன்னவளின் இலையில் பாயாசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். "ஓம் மாமி, நடிப்புத்தான். நீங்களும் ஒருக்கா நெஞ்சு வெடிக்க வெடிக்க அப்பிடி நடிச்சுக் காட்டுங்கோ, பாப்பம்" என்றேன். மாமி பாயாசம் வேண்டாம் என்றுவிட்டாள். நல்லது, மிச்சம்.

அத்தானைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கிடாரங்கள் கழுவுகிற இடத்தில் ஒரு மரக்குற்றியில் இருந்தார். சத்தி எடுத்து வாய் கொப்பளித்திருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"முடிஞ்சுது அத்தான். வெண்டிட்டியள்" என்றேன். "இனி என்ன பயம்?"

அவர் கிடாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பயம் போகாது, மச்சாள். குளிசையால குறையும், அவ்வளவுதான். இந்த ஊரில நான் பயமில்லாமப் பாத்த முகம் ஒண்டே ஒண்டுதான். உங்கட அக்காவையும் சேர்த்துத்தான் சொல்லுறன், குறை நினையாதேங்கோ. அந்த முகத்தைத்தான் இண்டைக்குக் கையில பிடிச்சுக் குடுத்திட்டு வந்திருக்கிறன்."

அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை, கிடாரம் கழுவுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.